63 எம்.எம். கருப்பு பைப்: கம்ப்ரஷன் கப்ளர் விடியற்காலையில் மட்டும் பிடுங்கிக்கொள்கிறது. குறை ரிங்கிலா, பைப்பிலா?

மூலனூர் முருங்கைக்காடு கேட்டது:

வணக்கங்க. தாராபுரம் தாலுகாவில் மூலனூர் பக்கம் எங்கள் தோட்டம். முருங்கையும் கொஞ்சம் தென்னையும். அப்பாவுக்கு முட்டி வலி வந்ததிலிருந்து பண்ணையத்தை நான்தான் பார்க்கிறேன்.

போர் கிழக்குக் கோடியில் இருக்கிறது, தண்ணீர்த் தொட்டி மேற்கே மேட்டுக்காட்டில். நடுவில் 270 மீட்டர். 63 எம்.எம். எச்.டி.பி.ஈ. (கருப்பு பிளாஸ்டிக்) பைப், 6 கிலோ பிரஷருக்கானது. 100 மீட்டர் சுருளாக மூன்று வாங்கி, இடையில் இரண்டு கம்ப்ரஷன் கப்ளர் (நட்டை இறுக்கிப் பைப்பைப் பிடிக்கிற இணைப்பு) போட்டு இணைத்திருக்கிறோம். பைப் கிளுவை வேலி ஓரமாகத் தரை மேலேயே கிடக்கிறது. தொட்டி, போரைவிட 50 அடி உயரம். மோட்டார் 7.5 எச்.பி. ஓடும்போது கேஜில் 2.5 கிலோ காட்டும்.

பிரச்சினை என்னவென்றால், போருக்குப் பக்கத்தில் இருக்கிற கப்ளர் அடிக்கடி பிடுங்கிக்கொள்கிறது. உடையவில்லை, ஒழுகவும் இல்லை; பைப் அப்படியே உருவிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது. அதுவும் விடியற்காலையில் த்ரீ பேஸ் வந்து ஆட்டோ ஸ்டார்ட்டர் மோட்டாரைப் போடுகிற நேரத்தில் மட்டும். போய்ப் பார்த்தால் வேலி ஓரம் சேறு, தொட்டியில் ஒரு சொட்டு இல்லை. பகலில் ஓடும்போது ஒருநாளும் கழன்றதில்லை.

மத்தியானம் த்ரீ பேஸ் போன பிறகுதான் பிளம்பர் வருவார். வந்து பைப்பை இழுத்து, திரும்பச் சொருகி, நட்டில் ஸ்க்ரூ டிரைவர் வைத்துச் சுத்தியலால் தட்டி இறுக்கிவிட்டுப் போவார். கடைக்காரர் கப்ளருக்குள் இருக்கிற வெள்ளை ரிங்கை மாற்றச் சொல்கிறார். பக்கத்துத் தோட்டத்து மாமா, கப்ளரையே எடுத்துவிட்டு வெல்டிங் அடி என்கிறார். பிளம்பரைக் கேட்டால், "அம்மிணி, உங்களுக்கு இதெல்லாம் புரியாது, நான் பார்த்துக்கறேன்" என்கிறார். எனக்குப் புரியும்படி யாராவது சொல்லுங்களேன்.

சென்னிமலைத் தறிக்காரன்:

கப்ளரெல்லாம் காசுக்குப் பிடித்த கேடுங்க. எங்கள் காட்டில் 2 இஞ்ச் ஜி.ஐ. நிப்பிளை (இரும்புக் குழாய்த் துண்டு) வைத்து, பைப் முனையைத் தீயில் காட்டி இளக்கி, ஏற்றிவிட்டு, இரண்டு பக்கமும் கிளாம்பு போட்டு முறுக்கிவிட்டோம். வருடக்கணக்கில் கிடக்கிறது. அதையே செய்யுங்க.

வெள்ளகோவில் பைப் பிட்டர்:

அம்மிணி, தறிக்காரத் தம்பி சொன்ன வைத்தியம் வாய்க்காலில் சும்மா ஊற்றுகிற லைனுக்குச் சரி. தீயில் காட்டுகிற இடம் எங்கே எவ்வளவு இளகியது என்று யாருக்கும் தெரியாது. ஒரு பக்கம் மெலிந்து போகும். உள்ளே நிப்பிள் துருப்பிடிக்கும். கழற்ற வேண்டுமென்றால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மேட்டில் தொட்டி இருக்கிற லைனுக்கு நான் சொல்ல மாட்டேன்.

நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. மத்தியானம் மாட்டுகிறார், விடியற்காலையில் கழல்கிறது. ரிங்கைப் பார்க்கும் முன்னால் பைப்பைப் பாருங்கள்.

எச்.டி.பி.ஈ. பைப் சூட்டுக்கு நீளும், குளிருக்குச் சுருங்கும். எல்லாப் பொருளும்தான் என்பீர்கள். இது இரும்பைப் போலப் பத்துப் பதினைந்து மடங்கு. 1 மீட்டர் பைப், 1 டிகிரிக்குச் சுமார் 0.2 எம்.எம். கேட்க ஒன்றுமில்லை போலத்தான் இருக்கும். நம் பக்கம் சித்திரை வெயிலில், தண்ணீர் இல்லாத கருப்பு பைப்பைத் தரையில் போட்டுவிட்டு மத்தியானம் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாது. 60 டிகிரி வரை போகும். அதே பைப் விடியற்காலையில் 25. வித்தியாசம் 35 டிகிரி. 100 மீட்டருக்குக் கணக்குப் போட்டால் 70 சென்டிமீட்டர், இரண்டேகால் அடி! தரை உராய்வு கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், முழுசும் வராது. ஆனால் உங்கள் பைப் ஒரு முனையில் போர் பெண்டோடு (போர் வாயில் இருக்கிற வளைவுக் குழாய்) கட்டிக் கிடக்கிறது, இன்னொரு முனை தொட்டிச் சுவரில் சிமெண்ட் வைத்துப் பூசியிருக்கும். நடுவில் விட்டுக்கொடுக்கக் கூடியது கப்ளர் மட்டும்தான். ராத்திரி முழுக்க அது இழுபட்டுக்கொண்டே இருக்கிறது.

அந்த நிலையில் கரண்ட் வருகிறது. காலி லைனில் காற்று நிற்கிறது, மோட்டார் எடுத்த எடுப்பில் தண்ணீரைத் தள்ளுகிறது. 63 பைப்பின் குறுக்குப் பரப்பு 31 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 2.5 கிலோ என்றாலே முனையைக் கிட்டத்தட்ட 78 கிலோ கனத்தில் வெளியே தள்ளும். தண்ணீர் போய்க் காற்றோடு மோதுகிற அந்த நொடியில் பிரஷர் இன்னும் ஏறும், உங்கள் கேஜ் முள் அதைக் காட்டாது. ஏற்கெனவே இழுபட்ட ஜாயிண்டுக்கு அது போதும்.

கப்ளர் எப்படிப் பிடிக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் உங்களுக்குப் புரியாது என்று சொல்ல முடியாது. நட்டைக் கழற்றினால் வரிசையாக நான்கு சாமான் இருக்கும்: நட்டு, பிளந்த வெள்ளை ரிங், அதைத் தாங்குகிற புஷ், கருப்பு ஓ-ரிங். தண்ணீரை நிறுத்துவது ஓ-ரிங் மட்டும். பைப்பைப் பிடிப்பது வெள்ளை ரிங் மட்டும். இரண்டும் வெவ்வேறு வேலை. உங்களுக்கு ஒழுகவில்லை, உருவுகிறது என்றால் ஓ-ரிங்கில் பழுதில்லை, பிடியில்தான். அந்த வெள்ளை ரிங் ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் ஒடுக்கம். நட்டின் உள்பக்கமும் வெளியே போகப் போக ஒடுங்கும். அகலப் பக்கம் கப்ளரின் நடு உடம்பைப் பார்த்து இருக்க வேண்டும். அப்போதுதான் பைப் வெளியே நகரும்போது ரிங்கும் கூடவே ஒடுக்கத்துக்குள் போய், சுருக்குக் கயிறு மாதிரி இழுக்க இழுக்க இறுகும். திருப்பிப் போட்டால் நட்டு இறுகும், ரிங் இறுகாது. அவசரத்தில் மாட்டுகிறவர்கள் பல பேர் திருப்பித்தான் போடுகிறார்கள்.

இன்னொன்று. பைப்பை ஓ-ரிங் வரைக்கும் சொருகிவிட்டு, டைட்டாகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். ஓ-ரிங்கைத் தாண்டி உள்ளே முட்டுகிற வரைக்கும் போக வேண்டும். நட்டைக் கழற்றிய கப்ளரைப் பைப்புக்குப் பக்கத்தில் வைத்து, எவ்வளவு உள்ளே போகும் என்று அளந்து, பைப்பில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடுங்கள். சொருகின பிறகு கோடு வெளியே தெரிந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். இந்தக் கோட்டைப் போடாத பிட்டரை நான் வேலைக்குக் கூப்பிட மாட்டேன்.

சொருகுவதற்கு முன்னால் பழைய முனையை ஒரு சாண் அறுத்துத் தள்ளிவிடுங்கள். ரிங் கடித்து வழுக்கின இடத்தில் பள்ளம் விழுந்திருக்கும், அந்த இடத்தில் திரும்பவும் பிடிக்காது. அறுக்கும்போது ஒரு தாளைப் பைப்பைச் சுற்றி ஓரத்தோடு ஓரம் சேர்த்துப் பிடித்தால் நேர்கோடு கிடைக்கும், அந்த ஓரத்தில் ஆக்சா பிளேடை ஓட்டுங்கள். அறுத்த பிறகு வெளி விளிம்பை அரத்தால் சரிவாகத் தேயுங்கள். கூர் விளிம்போடு சொருகினால் ஓ-ரிங்கை அறுத்துவிடும் அல்லது சுருட்டிவிடும். மண் இல்லாமல் துடைத்து, சோப்புத் தண்ணீர் தடவிச் சொருகுங்கள். கிரீஸ், மோட்டார் ஆயில் கிட்டவே வரக்கூடாது, ரப்பர் கெட்டுவிடும். நட்டின் மரையில் டெஃப்ளான் டேப் சுற்றுகிற பழக்கமும் வேண்டாம். அந்த மரை தண்ணீரை நிறுத்துகிற மரை இல்லை, அழுத்துகிற மரை.

இறுக்க 63-க்குக் கை மட்டும் பத்தாது. பெல்ட் ரிஞ்ச் (நட்டைச் சுற்றிப் பட்டை போட்டுத் திருகுகிற சாவி) வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்க்ரூ டிரைவரும் சுத்தியலும் வைத்துத் தட்டினால் நட்டின் பல் உடையும், கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். அந்தக் கீறல் ஒருநாள் நட்டை இரண்டாகப் பிளக்கும்.

இப்போது நீங்கள் இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். ஒன்று, நீளமான தாள் துண்டு ஒன்றைப் பைப்பைச் சுற்றி அளந்தால் எவ்வளவு வருகிறது? எச்.டி.பி.ஈ.யில் 63 என்பது வெளி அளவு. சுற்றளவு 19.8-க்குக் குறையக்கூடாது, 20-ஐத் தாண்டக்கூடாது, சென்டிமீட்டரில். பழைய பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றின மலிவுச் சரக்கு 19.5 கூடக் காட்டும். அதற்கு எந்தக் கம்பெனி கப்ளரும் பிடிக்காது. இரண்டு, பைப் முனை வட்டமாக இருக்கிறதா, முட்டை வடிவமா?

மூலனூர் முருங்கைக்காடு:

ரொம்ப நன்றிங்கண்ணா. நேற்றுச் சாயங்காலமே பார்த்தேன். சுற்றளவு எல்லா இடத்திலும் 19.8-லிருந்து 19.9. ஆனால் முனை வட்டமாக இல்லை. மேலும் கீழும் அளந்தால் 61, பக்கவாட்டில் 65. வெள்ளை ரிங் நீங்கள் சொன்னபடி சரியாகத்தான் இருக்கிறது, பல் முழுக்க மண் அடைத்திருந்தது. பல் துலக்குகிற பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிவிட்டேன். தொட்டிச் சுவரில் பைப்பைச் சிமெண்ட் வைத்துத்தான் பூசியிருக்கிறது, பார்க்காமலே சொல்லிவிட்டீர்கள்.

மாமா சொல்கிற வெல்டிங்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

பொள்ளாச்சித் தென்னை:

வெல்டிங்குக்கு நான் ஓட்டுப் போடுகிறேன். எங்கள் பக்கம் பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்கால் தண்ணீரைத் தொட்டிக்கு எடுக்கிற லைனெல்லாம் இப்போது பட் வெல்டிங்தான். இரண்டு முனையையும் சீவி, சுமார் 220 டிகிரி சூடான தட்டில் வைத்து இளக்கி, தட்டை எடுத்துவிட்டு இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடிப்பார்கள். ஆறினால் பைப்பும் ஜாயிண்டும் ஒரே உடம்பு. வெளியே இரண்டு மடிப்பு சுற்றிலும் ஒரே அளவில் தெரிய வேண்டும், அதுதான் நல்ல வெல்டிங்குக்கு அடையாளம். ஆறுகிற வரைக்கும் ஆடவே கூடாது. அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றி ஆற்றுகிற ஆளாக இருந்தால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

வெள்ளகோவில் பைப் பிட்டர்:

பொள்ளாச்சிக்காரர் சொன்னதில் குறை இல்லை. ஆனால் வெல்டிங் அடித்தாலும் பைப் சுருங்குவது நிற்காது. ஜாயிண்ட் கழலாது, அவ்வளவுதான். அந்த இழுப்பு போர் பெண்டுக்கும் தொட்டிச் சுவருக்கும் போகும். மூலத்தைச் சரி பண்ணாமல் ஜாயிண்டை மட்டும் மாற்றினால் நோய் இடம் மாறும்.

என் யோசனை: நடுவில் இருக்கிற இரண்டு ஜாயிண்டுக்கும் வெல்டிங் ஆள் கிடைத்தால் அடித்துவிடுங்கள். இரண்டு முனைக்கும் கம்ப்ரஷன்தான் வேண்டும். போர் மோட்டாரைத் தூக்க வேண்டி வரும், லைனில் மண் அடைத்தால் கழற்றி ஊத வேண்டி வரும். அதற்கெல்லாம் வெல்டிங் மிஷினையும் ஜெனரேட்டரையும் காட்டுக்குள் இழுத்துக்கொண்டு போக முடியாது. ஆள் கிடைக்கவில்லை என்றால் நடுவிலும் கப்ளரே போதும், ஒழுங்காக மாட்டினால். நல்ல கம்பெனி கப்ளர்களில் 63 வரைக்கும் பெரும்பாலும் 16 கிலோ என்றே போட்டிருக்கும். உங்கள் பைப்பே 6 கிலோதான். வெயிலில் கிடக்கும்போது அதுவும் குறையும்; பைப் 40 டிகிரிக்கு வந்தால் முக்கால் பங்கு பிரஷர்தான் தாங்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முட்டை வடிவத்துக்கு வருகிறேன். சுருளில் வந்த பைப் எல்லாம் அப்படித்தான். 61-க்கும் 65-க்கும் நடுவில் வெள்ளை ரிங் இரண்டு பக்கம் மட்டும் கடிக்கும், மேலும் கீழும் சும்மா தொட்டுக்கொண்டு நிற்கும். பிடி பாதிதான். முனையை ஒரு முழ நீளத்துக்கு நேராக்கி, கொதிநீர் ஊற்றிக் கொஞ்சம் இளகின பிறகு, இரண்டு துண்டு வட்டக் கிளாம்பு போட்டு இறுக்கி ஆறவிடுங்கள். ஆறின பிறகு கிளாம்பை எடுத்துவிட்டு உடனே சொருகிவிட வேண்டும்; விட்டால் திரும்பவும் கோணும்.

அப்புறம் வேலை செய்கிற நேரம். காலையில் ஆறு ஆறரைக்குள் ஜாயிண்டைப் போடுங்கள். குளிரில் சுருங்கிக் கிடக்கிற பைப்பை மாட்டினால், வெயிலுக்கு அது நீண்டு நெளியும், அவ்வளவுதான், ஒன்றையும் பிடுங்காது. கோடு போட்ட மாதிரி நேராகப் போட்டால்தான் வேலை சுத்தம் என்று பிளம்பர் சொல்வார், கேட்காதீர்கள். 300 மீட்டர் வாங்கினதில் மிச்சம் இருக்குமே, அதில் 100 மீட்டருக்கு 1 மீட்டராவது கூடுதலாக விட்டு, பாம்பு போகிற மாதிரி நெளிவாகப் போடுங்கள்.

கையில் காசு இருக்கும்போது இரண்டு, இரண்டரை அடி ஆழத்துக்கு ஜே.சி.பி. வைத்துக் குழி எடுத்துப் புதைத்துவிடுங்கள். வெயில் ஏறாது, ரொட்டவேட்டர் தொடாது, அணிலும் எலியும் கடிக்காது. மூலனூர்ப் பக்கம் சுக்காங்கல் பூமி. கல்லோடு மூடினால் பைப்பில் கல் அழுந்தியே ஓட்டை விழும். பைப்புக்குக் கீழேயும் மேலேயும் சலித்த மண் அரை அடி வேண்டும். மூடும்போது லைனில் தண்ணீர் நிற்கட்டும், கப்ளர் இருக்கிற இடத்தை மட்டும் ஒரு வாரம் திறந்து வைத்துவிட்டு அப்புறம் மூடுங்கள்.

போர் வாயில் என்.ஆர்.வி. (தண்ணீரைத் திரும்ப விடாத வால்வு) இருக்கிறதா? கீழே மோட்டாரோடு ஒன்று இருக்கும், ஆனால் மணல் ஏறினால் அது மூடாது. மோட்டார் நின்றவுடன் லைன் முழுக்கப் போருக்குள் இறங்கிவிடும். தரைக்கு மேலே ஒன்று போட்டால் லைனில் எப்போதும் தண்ணீர் நிற்கும். காலையில் காற்று மோதுகிற வேலை இல்லை, பகலில் பைப்பும் அவ்வளவு சுடாது. கப்ளருக்குச் செலவழிப்பதைவிட இதுதான் முதலில்.

கொடுமுடி அக்கா:

தோட்டத்து லைனுக்குச் சம்பந்தமில்லை, ஆனால் இதே விஷயம் வீட்டிலும் உண்டு என்பதால் கேட்கிறேன். மாடியில் சோலார் ஹீட்டர். வெந்நீர் லைன் உள்ளே அலுமினியம் வைத்த பைப், 1216 என்று போட்டிருக்கிறது. பித்தளை கம்ப்ரஷன் பிட்டிங் ஒன்று சொட்டுச் சொட்டாக விடுகிறது. இறுக்க இறுக்க அதிகமாகிறது. ஏன்?

வெள்ளகோவில் பைப் பிட்டர்:

அக்கா, இறுக்குவதை நிறுத்துங்கள். 1216 என்றால் உள்ளே 12, வெளியே 16. கத்தரியால் வெட்டினவுடன் அந்தப் பைப்பின் வாய் நசுங்கும். ரீமர் விட்டு வட்டமாக்கி, உள் விளிம்பைச் சரிவாக்காமல் பித்தளை முனையை உள்ளே திணித்தால், அதில் இருக்கிற சின்ன ஓ-ரிங் அப்போதே அறுந்துவிடும். அறுந்த ஓ-ரிங்கை எவ்வளவு இறுக்கினாலும் மூடாது, பைப்தான் இன்னும் நசுங்கும். நசுங்கின துண்டை வெட்டி எடுத்து, ரீமர் விட்டு, புது ஓ-ரிங் போட்டு மாட்டச் சொல்லுங்கள். ஓ-ரிங் வெந்நீருக்கானதா என்று கேட்டு வாங்குங்கள். ஆட்களிடம் ரீமர் இல்லையென்றால் பேனாக் கத்தியை வைத்துச் சுரண்டுவார்கள், விடாதீர்கள்.

மூலனூர் முருங்கைக்காடு:

அண்ணா, இன்னொன்று மட்டும். போர் வாயில் ஜி.ஐ. பெண்டு முடிந்து, அங்கே 63 கம்ப்ரஷனில் எஃப்.டி.ஏ. (உள்மரை அடாப்டர்) போட்டிருக்கிறது. அதில் மரை இருக்கிற பக்கம் மெல்லிசாக ஒரு கீறல் தெரிகிறது. இதுவும் சுருங்குவதாலா?

வெள்ளகோவில் பைப் பிட்டர்:

இல்லை, அது வேறு. இரும்பு மரையைப் பிளாஸ்டிக் வாய்க்குள் விட்டு இறுக்கினால் பிளாஸ்டிக் விரியும். டெஃப்ளான் டேப்பை அள்ளிச் சுற்றியிருப்பார்கள், இல்லையென்றால் சணலை வைத்துத் திருகியிருப்பார்கள். சணல் தண்ணீரில் ஊறி இன்னும் விரிக்கும். பிளாஸ்டிக் மரைக்குச் சணல் கூடவே கூடாது.

முடிந்தவரை பிளாஸ்டிக் மரையை இரும்பு வாய்க்குள் விடுங்கள். பெண்டு முனையில் 2 இஞ்ச் ஜி.ஐ. சாக்கெட் ஒன்று மாட்டி, அதற்குள் 63-க்கு 2 இஞ்ச் கம்ப்ரஷன் எம்.டி.ஏ. (வெளிமரை அடாப்டர்) திருகுங்கள். அங்கே டேப் வேண்டும், அளவாக. எஃப்.டி.ஏ.தான் போட வேண்டிய இடம் என்றால், வாயைச் சுற்றி எஃகு வளையம் வைத்தது கிடைக்கும், அதை வாங்குங்கள்.

கீறல் விழுந்ததை இப்போதே மாற்றிவிடுங்கள். நீங்கள் கப்ளரைச் சரி பண்ணின பிறகு அடுத்து விடுவது அதுவாகத்தான் இருக்கும். என்.ஆர்.வி.யையும் அதே சமயத்தில் போட்டுவிட்டால் பெண்டை ஒரு தடவை கழற்றினால் போதும். வால்வில் அம்புக்குறி இருக்கும், தண்ணீர் போகிற பக்கம் பார்த்து மாட்டச் சொல்லுங்கள்.